சாவிக்குப் பொட்டு

வாடகைக்கு ஓட்டிய வேனைப் பாண்டியராஜன் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். ஆரப்பாளையத்தில் அதை வெட்டும்போது பக்கத்திலேயே நின்றார். பதிவை ரத்து செய்யத்தான் மனசு வரவில்லை. மாற்றுச் சாவியையும் சாமி படத்தடியில் வைத்துக்கொண்டார். மனைவி முத்துத்தாய் வெள்ளிதோறும் அதற்குச் சந்தனப்பொட்டு வைத்தாள்.

வரி கட்டாததற்கு அபராதம் வந்தது. நோட்டீஸோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார்.

"வண்டியத்தான் வெட்டியாச்சே சார்."

"காலைல உசிலம்பட்டி ரோட்டுல ஓடியிருக்கே" என்று அதிகாரி கேமரா படத்தைக் காட்டினார். அதே வேன், அதே எண். முன்கண்ணாடியில் காயாத சந்தனப்பொட்டு. அன்று வெள்ளிக்கிழமை.

பாண்டியராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கயாச்சும் ஒரு ஒடுக்கு விழுந்திருக்கா, பாருங்க."

அபராதத்தோடு அடுத்த வருட வரியையும் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுக்கப் போனார்.

"தொடாதீங்க, சுடும்" என்றாள் முத்துத்தாய். "இப்பத்தான் வந்துச்சு."