கேஸ் உண்டா?

"கேஸ் ஏதாவது உண்டா?"

லாரி டிரைவர் வேலைக்கு யார் வந்தாலும் சிவப்பிரகாசத்தின் முதல் கேள்வி இதுதான். பேர் கேட்பதுகூட அப்புறம்தான்.

"ஒண்ணும் இல்லீங்க மொதலாளி" என்றான் சகாயம்.

சிவப்பிரகாசம் அவனுடைய லைசென்சை வாங்கிப் பிரித்தார். கோர்ட்டில் அபராதம் போட்டால் லைசென்சிலேயே எழுதிவிடுவார்கள். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது.

"இது இன்னாப்பா?"

"அதுவா? பின்னாடி லைட்டு எரியலைன்னு புடிச்சாங்க. அதெல்லாம் ஒரு கேஸாங்க?"

"லைட்டு எரியாதது பெரிசில்லை. இல்லைன்னு சொன்னே பாரு, அதுதான் பெரிசு. போய்ட்டு வா."

சகாயம் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான்.

கிளார்க் சம்பங்கி திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார். முதலாளியின் இந்தக் கண்டிப்பைப் பற்றி ஆண்டர்சன்பேட்டை பஜார் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவார் அவர்.

அடுத்து வந்தவன் தம்மபாலன். முப்பதைத் தாண்டியிருப்பான். துவைத்து மடித்த காக்கிச் சட்டை. லைசென்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாப்பா. உக்காரு."

சம்பங்கி நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் வேலைக்கு வந்தவனை முதலாளி உட்காரச் சொல்லி அவர் பார்த்ததே இல்லை.

"எந்த லைன் வீட்டுல இருக்கே?"

"ஊரிகம்ங்க. அப்பா தங்க மைன்ல வேலையா இருந்தாரு."

"பேத்தமங்களா ரோட்டுல லோடு அடிச்சிருக்கியா?"

"அடிச்சிருக்கேங்க." லைசென்சை மேஜைமேல் வைத்து நகர்த்தினான். "ஐயா, இதுல ஒரு கேஸு…"

"இருக்கட்டும்." பிரிக்காமலே அதை அவன் பக்கம் தள்ளினார் சிவப்பிரகாசம். "பெட்போர்டு லாரி ஓட்டுவியா?"

"ஓட்டுவேங்க. ஐயா, அந்தக் கேஸு இன்னான்னா…"

"மழையில, லோடோட, ஏரிக்கரை மேல போறப்ப எந்த கியர்ல போவே?"

"செகண்டுங்க."

சம்பங்கிக்குப் பொறுக்கவில்லை. "மொதலாளி, அந்தாளு கேஸு இருக்குதுன்னு சொல்றாரு."

"எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது. நீங்க பில்லைப் போடுங்க."

வண்டியை எடுக்கச் சொல்லி, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தம்மபாலன் மார்க்கெட்டைச் சுற்றி ஓட்டினான். ஒவ்வொரு சந்து முனையிலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் திருப்பினான்.

வண்டி மெதுவாகத் திரும்பி வந்து வாசலில் நின்றது. "கல்யாண ஊர்கோலம் வந்து சேந்துடுச்சு" என்று சம்பங்கி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடு" என்றார் சிவப்பிரகாசம்.

தம்மபாலன் போகவில்லை.

"சொல்லாம சேந்தா ஏமாத்தின மாதிரி ஆயிடும்ங்க. ஒரு கொழந்த…"

உதடு மட்டும் அசைந்தது.

சிவப்பிரகாசம் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

"எனக்கு எல்லாம் தெரியும்ப்பா. முழுசா தெரிஞ்சுதான் வரச் சொல்றேன். நீ யாரையும் ஏமாத்தலை. வீட்டுக்குப் போ."

"யாருங்க சொன்னாங்க?"

"யாரோ சொன்னாங்க. காலையில நேரத்துக்கு வந்துடு."

அவன் கும்பிட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

சம்பங்கி பேனாவை மூடினார்.

"தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. லைட்டு எரியாத ஆளை வெரட்டினீங்க. இவன் வாயில கொழந்தைன்னு வருது, இவனுக்கு நாற்காலி! எந்தப் பெரிய மனுஷன் சிபாரிசு? இல்ல, கொறைஞ்ச சம்பளத்துக்கு ஒத்துக்குவான்னா?"

"சிபாரிசுன்னே வெச்சுக்குங்க. அவன் சம்சாரம். செல்வின்னு பேரு."

"பொம்பள வந்து அழுதா வேலையா?"

"அழலை. வேலையும் கேக்கலை. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்தப் படியில நின்னு, நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுச்சு. பிரேக் சரியில்லாத வண்டின்னு தெரிஞ்சும் எடுத்தது, எறக்கத்துல கொழந்தை குறுக்க ஓடியாந்தது, அது பொழைக்காம போனது, எல்லாம். கோர்ட்டு அபராதத்தோட விட்டுடுச்சுங்க, அவருதான் இன்னும் தன்னை விடலைன்னுச்சு."

சம்பங்கி நாற்காலியை முதலாளி பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவங்க லைன்ல ஒரு பழக்கமாம். மைனுக்குள்ள பாறை விழுந்து, கூட இருந்தவன் செத்துப்போய், ஒருத்தன் மட்டும் உசுரோட மேல வந்தான்னா, எப்படி ஆச்சுன்னு அவனை யாரும் கேக்க மாட்டாங்களாம். மைன் ஆபீசர் கேக்கறதோட சரி. ஜனங்க போய்ப் பக்கத்துல உக்காந்து வேற ஏதாவது பேசிட்டு வருவாங்களாம். 'ரோட்டுல நடந்ததுக்கு அந்த மரியாதை இல்லீங்களே ஐயா, போற எடத்திலெல்லாம் மொதக் கேள்வியே அதுதானே'ன்னுச்சு."



"அப்ப அந்தப் பொண்ணு எதுக்குத்தான் வந்துச்சு?" என்றார் சம்பங்கி மெதுவாக.

"'வேலை இல்லைன்னா இல்லைன்னே சொல்லி அனுப்பிடுங்க ஐயா. அவரு வாயால மட்டும் சொல்ல வெச்சுடாதீங்க. அதைச் சொல்லிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் எங்க கொழந்தையைத் தூக்க மாட்டேங்கறாரு'ன்னுச்சு."