ஊதாத மண்

"இதைத் தண்ணியில போட்டுக் கொண்டாங்க. ஊதுதா இல்லையான்னு பார்த்துட்டு விலை பேசலாம்."

ஜீப்பில் வந்து இறங்கிய சீதாராமன், களத்தில் கிடந்த களிமண் குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து நீட்டினார். களத்துச் சொந்தக்காரர் அருளானந்தம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நான் எதுக்குக் கேக்குறேன்னா..."

"புரியுதுங்க சார். இந்தப் பக்கம் பொறந்தவனுக்கு மண்ணைப் பத்திச் சொல்லணுமா?"

மனைவி பேச்சைக் கேட்காமல் கரும்பு வயலில் பாதியைத் தோண்டிக் குவித்த மண் அது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒருவர்கூட அதைச் சீந்தவில்லை. தண்ணீரைக் குடித்து உப்பி ஊதும், காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். அதில் செய்த ஒரு கப்பாவது முழுசாகச் சூளைக்குப் போனதில்லை. இவரும் வேண்டாம் என்றுவிட்டால், தோண்டிய குழியிலேயே இறங்கிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டியோடு அடுக்களைக்கு ஓடினார்.

"இஞ்ஞாசி, செபாஸ்டியன் பட்டறையிலேருந்து நல்ல மண்ணு கொண்டாந்தேனே, எங்க வெச்ச?"

"வேணாங்க. உள்ளதைச் சொல்லிடுங்க."

"சொன்னா வாங்குவாரா? ஊதுற மண்ணை எந்த மடையன் காசு குடுத்து வாங்குவான்?"

இஞ்ஞாசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பு மூலையைக் காட்டினாள். அருளானந்தம் கட்டியை மாற்றினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல வெளியே கொண்டுவந்து வைத்தார்.

இருவரும் டீ குடித்து முடித்தார்கள். பட்டறை மண் மானத்தைக் காப்பாற்றியது. பேசாமல் கரைந்து, டம்ளர் அடியில் பொடியாகப் படிந்து கிடந்தது.

"பாத்தீங்களா சார்! ஒரு நூலுகூட ஊதல."

சீதாராமன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "குவியல் பூரா இதே மண்ணுதானா?"

"அந்தோணியார் சத்தியமா இதேதாங்க. எங்க வயலு மண்ணு ஊதவே ஊதாது!"

அடுக்களையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

சீதாராமன் பெருமூச்சு விட்டபடி எழுந்தார். "அப்ப எனக்கு ஆகாதுங்க. புதுசா வெட்டின மீன் குளத்துல தண்ணியே நிக்க மாட்டேங்குது. நல்லா ஊதுற மண்ணா அடியில போட்டு மிதிச்சாத்தான் ஒழுகல் அடையும்னாங்க. அது உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டுத்தான், குவியலோட வாங்கிக்கலாம்னு ஓடி வந்தேன்."