மாலைக்காரனுக்குப் பிராந்தி

பிராந்தி பாட்டில் வந்துவிட்டது. ஊற்றத்தான் விடமாட்டேன் என்று கட்டிலுக்குக் குறுக்கே நின்றார் முனிகிருஷ்ணன்.

கட்டிலில் அவர் தம்பி சிட்டிபாபு. கழுத்தில் முருகனுக்குப் போட்ட மாலை, மூக்கில் குழாய். மலையேறி வந்தவனைப் போல மூச்சு இரைத்தது.

நகரியில் சேலைக்கட்டு ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். நேற்றைய கிருத்திகை பஜனையில் மிஞ்சிய பானகத்தைக் காலி தண்ணீர் பாட்டில்களில் நிரப்பி அவன் வேனில்தான் போட்டிருந்தார்கள். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்டும் அதே மாதிரி பாட்டிலில்தான் கிடந்தது. விடியற்காலை இருட்டில் கைக்கு அகப்பட்டதைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். பாழாய்ப்போன கூலண்ட் இனிக்கும் என்று யார் கண்டது?

தள்ளாடியவனை வெயில் மயக்கம் என்று படுக்கவைத்தார்கள். காலி பாட்டிலை மோந்து பார்த்துத் திருப்பதிக்குத் தூக்கி வருவதற்குள் ரத்தம் முழுக்க அமிலம் ஏறிவிட்டது.

முறிவு மருந்து சென்னையிலிருந்து வர வேண்டும். அதுவரை விஷத்தைத் தடுத்து வைக்க ஆல்கஹால்தான் வழி, பிராந்தியாவது வாங்கி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. இல்லாவிட்டால் முதலில் கிட்னி, அப்புறம் உயிர்.

“மாலை போட்டவன் வாயில பிராந்தியா? குருசாமி நான், என் கையால போட்ட மாலை! நாளிக்கி ஊர்ல எப்படிம்மா தலை காட்றது?”

“வாயில இல்ல மாமா, மூக்குல,” என்றாள் சிட்டிபாபுவின் மனைவி துர்காதேவி. “நவுருங்க. முருகனுக்குக் கோவம் வந்தா என்னாண்ட வரட்டும், நான் பேசிக்கறேன்.”

மாமாவின் எதிரே உட்காரக்கூட மாட்டாதவள் அவள். இன்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளியே விட்டாள். மனிதர் சுவரோரம் ஒதுங்கினார்.

நர்ஸ் சிரிஞ்சில் எடுக்கும்போது டாக்டரம்மா நிறுத்தினார். குடிக்கிற பழக்கம் உண்டா என்று தெலுங்கில் கேட்டார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு பிராந்தியைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். அப்படியென்றால் இந்த அளவு போதாது, விஷம் ஜெயித்துவிடும்.

“அலவாட்டே லேது மேடம்!” பழக்கமே கிடையாதாம். முனிகிருஷ்ணன் அடித்துச் சொன்னார். “தங்கம் மேடம் என் தம்பி. ஊர்ல யார வேணா கேளுங்க.”

ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

டாக்டரம்மா துர்காதேவியைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. புருஷனின் மூச்சு இன்னொரு முறை இரைத்தது. அவமானமாவது, மண்ணாங்கட்டியாவது!

“டெய்லி குடிப்பாரு மேடம்,” என்றாள், வார்டுக்கே கேட்கும்படி. “குவார்ட்டர் இல்ல, ஆஃபு. நேத்து கூட குடிச்சாரு.”

“நேத்தா?” முனிகிருஷ்ணன் அலறினார். “நேத்து என் பக்கத்துலதானே குந்திக்கினு பஜனை பாடினான்!”

“ஆமா மாமா. வாயில லவங்கம் போட்டு அனுப்பினதே நான்தான்.” டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். “அளவ ஏத்துங்க மேடம்.”