பதினோரு நாடுகளும் ஒரு கேள்வியும்

“நார்வேயில கண்டிப்பா கேட்டுடறேன்” என்று மெக்சிகோவின் கழிப்பறைக் கண்ணாடிக்கு வாக்குக் கொடுத்தான் ரஸ்ஸல்.

கண்ணாடி நம்பியதாகத் தெரியவில்லை. இதே வாக்கைக் காலையில் வீட்டுக் கண்ணாடிக்கும், பிறகு காரின் பக்கக் கண்ணாடிக்கும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

ஒர்லாண்டோவின் அந்தப் பூங்காவில் ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகள் கடை விரித்திருக்கும். மெக்சிகோவில் தொடங்கிக் கனடாவில் முடிக்க வேண்டும். நாட்டுக்கு ஒரு தட்டு உணவு, ஒரு கோப்பை மது. வருட நுழைவுச் சீட்டு வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு அக்டோபர் மாதத்து நேர்த்திக்கடன் மாதிரி இது. ரஸ்ஸலும் இவெட்டும் நான்கு வருடமாகத் தவறாமல் செலுத்தி வருகிறார்கள். வண்டி ஓட்டும் பொறுப்பு இவெட்டுடையது என்பதால், ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு மீதியை அவன் பக்கம் தள்ளிவிடுவாள். ஆகவே அவனுக்கு மட்டும் பூங்காவில் இருபத்திரண்டு நாடுகள்.

இந்த வருடம் அவன் சட்டைப்பையில் ஒரு மோதிரம் இருந்தது. நாட்டின் மறுகோடியில் இருக்கும் சியாட்டில் ஆஸ்பத்திரி ஒன்று இவெட்டை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே இருக்க ஒரு காரணம் சொல்லு என்று போன வாரம் அவனிடம் கேட்டாள். இரண்டு நிமிடம் தீவிரமாக யோசித்து, புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்றான். சியாட்டிலிலும் கிடையாது என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள்.

நார்வே வந்தது. சிறு குப்பியில் சோம்பு வாசனையோடு எதையோ கொடுத்தார்கள். ஒரே மடக்கில் இரண்டையும் குடித்துவிட்டு வாயைத் திறந்தான்.

“இந்த மீன் நல்லா இருக்குல்ல?”

நன்றாகத்தான் இருக்கிறது என்று இவெட்டும் ஒப்புக்கொண்டாள்.

சீனாவில் உண்மையாகவே தைரியம் வந்தது. ஆனால் அப்போது வாயில் கொதிக்கக் கொதிக்க ஒரு இறைச்சிக் கொழுக்கட்டை இருந்தது. அதை விழுங்கியபோது தைரியமும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

ஜெர்மனியைப் பற்றி அவனுக்கு அதிகம் நினைவில்லை. நல்ல பீராக இருந்திருக்க வேண்டும்.

இத்தாலியில் அவன் எலுமிச்சை மதுவோடு திரும்பி வந்தபோது, இவெட் செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“யாருக்கு?”

“ஆஸ்பத்திரிக்குத்தான். பதில் அனுப்பிட்டேன். இனிமே எதுக்குத் திங்கட்கிழமை வரைக்கும் இழுக்கணும்?”

ரஸ்ஸல் நல்லது என்று சொல்லி, இரண்டு கோப்பையையும் காலி செய்தான். தன்னை விட்டுப் போவதில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. போதாக்குறைக்கு அவள் புவேர்ட்டோ ரிக்கோவில் இருக்கும் அம்மாவை அழைத்து, ஸ்பானிஷ் மொழியில் படபடவென்று பேசினாள். அவனுக்குப் புரிந்தது அவன் பெயர் மட்டும்தான். அந்தப் பெயர் வந்ததும் எதிர்முனையில் அழுகைச் சத்தம் கேட்டது. நான்கு வருடம் கழித்து ஒரு குடும்பமே அவனுக்காக இரங்குகிறது.

அமெரிக்காவில் ஒரு முடிவுக்கு வந்தான். அனுப்பிய பதிலை மாற்றி எழுதச் சொல்லலாம். வந்தே ஆக வேண்டும் என்றா சொல்லிவிடுவார்கள்? கேட்டுவிட வேண்டியதுதான். அடுத்த நாட்டில்.

ஜப்பானில் சுற்றி நின்றவர்கள் பலமாகக் கை தட்டினார்கள். முரசு அடிப்பவர்களுக்காக இருக்கும் என்று அவனும் தட்டி வைத்தான். அதன்பின் மொராக்கோ அவனைக் கேட்காமலே கடந்து போனது. பிரான்சில் எதையோ உறைய வைத்துக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் சொல்ல வேண்டியதை ஒரு காகிதத் துண்டில் எழுதினான். எழுதி முடித்ததும் அதிலேயே கையைத் துடைத்துவிட்டான்.

இனிமேல் நாடு கிடையாது, கனடாதான் கடைசி. இவெட் பாலாடைக்கட்டி சூப்பை வாங்கிக்கொண்டு உயரமான மேசை ஓரம் நின்றாள். ரஸ்ஸல் கண்ணை மூடிக்கொண்டு, ஏற்கெனவே அழுக்காக இருந்த முழங்காலைத் தரையில் ஊன்றினான்.

“இவெட், சியாட்டிலுக்குப் போகாத. நான் மோசமான காரணம்தான். ஆனா என்கிட்ட வேற காரணம் இல்ல. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

கூட்டம் நின்று பார்த்தது. அவன் கை சட்டைப்பைக்குள் போனது. அங்கே ஒன்றுமில்லை. கால்சட்டைப் பைகளில் ஒரு பிளாஸ்டிக் முள்கரண்டியும் ஈரக் காகிதங்களும் இருந்தன.

“இருந்துச்சு” என்றான். “சத்தியமா மோதிரம் வாங்கி வச்சிருந்தேன்.”

இவெட் அவசரப்படாமல் சூப்பைக் குடித்து முடித்தாள். பிறகு இடது கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மோதிரம் அவள் விரலில் இருந்தது.

“ஜெர்மனியில கேட்டடா. சரின்னேன். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு எழுதுனேன், அம்மாவுக்குச் சொன்னேன். ஜப்பான்ல திரும்ப முட்டி போட்ட. ஆசைக்கு இன்னொரு தடவை கேக்கறன்னு நினைச்சு, அங்கயும் சரின்னேன்.”

ரஸ்ஸல் எழுந்திருக்க மறந்து, விரல் விட்டு எண்ணினான்.

“அப்ப இதோட மூணு தடவை கேட்டிருக்கேனா?”

“நாலு” என்றாள் இவெட். “மொராக்கோவுல அங்க பரிமாறிட்டு இருந்த ஒரு லேடிகிட்ட கேட்டுட்ட. அவங்களும் சரின்னுட்டாங்க.”