நிமிர்த்தினால் அணைவது

இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தபடியே சகாயம் பாகம் பாகமாகக் கோத்த கணினி அது. படுக்கப் போட்டால் ஓடியது. நிமிர்த்தி வைத்து ஆன் செய்தால் திரை ஒருமுறை வெளுத்து, அணைந்தது. ரேம் மெமரியை மாற்றினான், பவர் சப்ளையை மாற்றினான். அப்போதும் அணைந்தது.

"படுத்தபடியே ஓடிட்டுப் போகட்டுமே, இப்ப என்ன?" என்றாள் மனைவி பெனிட்டா.

அவன் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தான். நிமிர்த்தியதும் கனத்த கிராபிக்ஸ் கார்டு தன் எடையிலேயே தொங்கி, செருகிய இடத்திலிருந்து விலகியது. கணினியை மறுபடி படுக்கப் போட்டு, பென்சிலை ஒடித்து கார்டுக்கு முட்டுக் கொடுத்தான். சுவரோரம், அவன் பிடித்து நடக்க வாங்கிய வாக்கர் உறை பிரிக்காமல் நின்றிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பெனிட்டா, தூக்கி நிறுத்து."

"எதைங்க?"

"முதல்ல கம்ப்யூட்டர."