நடேசன் கேட்காத பார்சல்

கள்ளிக்குப்பம் வீட்டின் கேட்டைப் பாதி திறந்தபடி கம்பெனி முதலாளி நடேசன் நிற்கிறார். எதிரே, அவர் கேட்காத பிரியாணிப் பார்சலோடு ஒரு டெலிவரிக்காரர். காலையிலிருந்து இப்படி யாராவது வந்துகொண்டேயிருக்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்சாலையை மூடுவது பற்றி அவர் பேசிய வீடியோவை யாரோ வெட்டி ஒட்டிப் பரப்ப, கூடவே வீட்டு முகவரியும் வெளியே போய்விட்டது. இணையத்தில் அவர் பெயரைக் காப்பாற்ற அமர்த்தப்பட்ட பிரசன்னா போனில் சொல்கிறான்: "அட்ரஸை எல்லா எடத்துலேருந்தும் எடுத்தாச்சு சார், இனிமே பயமில்ல." சாய்ந்த வெயிலில் பார்சலின் எண்ணெய்க் கறை மினுங்குகிறது. "நான் ஆர்டர் பண்ணலப்பா," என்கிறார் நடேசன். "உங்க ஊடுதான் சார். அடையாளத்துக்குப் போட்டோ கூட அனுப்பிகீறாங்க, பாருங்க." டெலிவரிக்காரர் தன் போனை நீட்டுகிறார். படத்தில் இதே கேட். மேலே மொட்டைமாடியில் துணி எடுக்கும் மகள் ஸ்வாதி, இன்றுதான் முதன்முதலாக உடுத்திய புது மஞ்சள் சுடிதாரில். நடேசன் அண்ணாந்து பார்க்கிறார். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். "ஸ்வாதி, உள்ள போம்மா." காதில் இயர்போன் மாட்டியிருப்பவள் சிரித்துக் கையாட்டுகிறாள். அவர் தெருவைப் பார்க்கிறார். டீக்கடை வாசலில், நிறுத்திய பைக்கின் மேல், எதிர்வீட்டு மாடியில், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.