ஞாயிற்றுக்கிழமை மூட்டை

எதிர் வீட்டுக் கொடியில் காய்கிற அந்தக் கட்டம் போட்ட சட்டை தன் புருஷனுடையதேதான். அவளுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்திலேயே மகளின் யானைப் படம் போட்ட கவுன். அதற்கும் பக்கத்தில் பச்சைப் போர்வை.

"என்னங்க, இங்க ஓடி வாங்களேன்! அது உங்க சட்டைதானே?"

வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தான் அவன். "ஆமா! அதைத்தான் நேத்துலேருந்து தேடறேன். அங்க எப்படிப் போச்சு?"

"ஞாயித்துக்கிழமை மூட்டை கட்டிட்டேன். ஒரு வருஷமா நீங்க அதைத் தொடவே இல்ல."

"நல்லவேளை, என்னை மூட்டை கட்டாம விட்டியே."

இரண்டு மாசமாக இதுதான் அந்த வீட்டில் சட்டம். வாரம் ஒரு அலமாரி. ஒரு வருஷம் தொடாத பொருள் எதுவானாலும் வெளியே. முன்பெல்லாம் பீரோவைத் திறந்தால் துணி தலையில் கொட்டும். இப்போது கட்டிலுக்கு அடியில் குனிந்தால் தரை தெரிகிறது. கழித்ததையெல்லாம் அள்ளிக் கட்டி, ஊர்க்கோடியில் இருக்கிற ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவாள்.

"வீடும் சுத்தமாச்சு, புண்ணியமும் ஆச்சு" என்று அவள் சொல்லிச் சொல்லியே அந்தத் தெருவில் எட்டு வீடு இப்படிக் கிளம்பிவிட்டது.

எட்டு மூட்டையும் போய்ச் சேருவது எதிர் வீட்டுக் கண்டக்டரக்கா கையில்தான். அவள் வேலை பார்க்கிற பஸ் அந்த இல்லத்து வாசலில் நிற்கும். "போற வழிதானே, குடுங்க" என்று அவளேதான் வாங்கிக்கொண்டாள்.

போற வழியில் இந்தக் கொடி எங்கிருந்து வந்தது?

மறுநாளிலிருந்து ஜன்னலே கதியென்று ஆகிவிட்டாள். செவ்வாய்க்கிழமை கொடியில் மூலைவீட்டு டீச்சரின் ஸ்வெட்டர். புதன்கிழமை தையல்காரர் வீட்டு ஜன்னல் திரை. தினம் ஒரு வீட்டுத் துணி.

"அந்தக்கா ஒண்ணைக்கூடப் போட்டு நான் பார்க்கலைங்க. அப்புறம் எதுக்குத்தான் எடுக்கறாங்க?"

"உன் மக கவுன் அவங்களுக்கு எப்படிடி பத்தும்?"

"சிரிக்காதீங்க. விக்கறாங்களோ என்னவோ!"

போனில் படம் பிடித்தாள். தெருப் பெண்கள் குழுவில் போடுவதற்கு, 'நாம குடுக்கற மூட்டை எங்க போகுதுன்னு எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க' என்று எழுதியும் விட்டாள்.

புருஷன் போனைப் பிடித்துக்கொண்டான். "இரு. இது போச்சுன்னா அந்தம்மா நாளைக்கு இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பு."

"கேக்கறேன். நேருக்கு நேரா கேக்கறேன்!"

கையில் போனோடு விறுவிறுவென்று தெருவைத் தாண்டினாள். கதவு திறந்தே கிடந்தது.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வரிசையாக மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. நடுவில் கண்டக்டரக்கா, மடியில் யானை கவுனும் கையில் ஊசியுமாக. பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பட்டன். தேய்த்து மடித்த கட்டம் போட்ட சட்டை நாற்காலியில்.

"அடடே, வாம்மா!" என்று எழுந்தவள், அவசரமாக ஒரு மூட்டையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். திருப்புவதற்குள் சீட்டு கண்ணில் பட்டுவிட்டது. 'எதிர் வீடு.' அவளுடைய மூட்டைதான்.

"என்னக்கா இதெல்லாம்?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா அழுக்கா இருந்துச்சு, ஒரு அலசு அலசினேன். இந்தக் கவுனுக்கு ஜிப் ஓடலை, புதுசு வச்சுட்டேன். எல்லார் வீட்டு மூட்டையும் இப்படித்தான் இருக்கு, உன்னுது மட்டும்னு நினைச்சுக்காத."

லேசா அழுக்கா? மகள் கஞ்சியைக் கொட்டிக்கொண்ட கவுன் அது. ஜிப் போய்விட்டதென்று அழுக்குக் கூடையிலிருந்து அப்படியே உருவி மூட்டையில் திணித்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. போர்வையையும் அவள் உதறிக்கூடப் பார்க்கவில்லை.

போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். எழுதியதை விரல் தடவித் தடவி அழித்தது.

"சொல்லியிருந்தா நானே துவைச்சுக் குடுத்திருப்பேனேக்கா."

"சொல்லலாம். அடுத்த வாரம் மூட்டை வராது." கண்டக்டரக்கா சிரித்தாள். "பஸ்ல சில்லறை கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கற ஊரு இது."

"அதுக்காக டியூட்டி முடிஞ்சு வந்து எட்டு வீட்டு அழுக்கையும் நீங்க துவைக்கணுமா? சும்மா கிடைக்குது, வாங்கறவங்க துவைச்சுக்க மாட்டாங்களா?"

கண்டக்டரக்கா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தாள். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஒரு வருஷம் வெள்ளத்துல எங்க வீடு போயிடுச்சும்மா. கட்டியிருந்த துணியோட நானும் எங்கம்மாவும் ஒரு ஸ்கூல்ல போய்த் தங்கினோம். மூணாவது நாள் ஒரு லாரி வந்துச்சு. வீட்டுக்கு ஒரு மூட்டைன்னு குடுத்தாங்க. எங்க மூட்டைதான் இருக்கறதுலயே பெருசு. எங்கம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்."

"உள்ள என்னக்கா இருந்துச்சு?"

"செருப்பு. பதினோரு செருப்பு. ஒரு ஜோடிகூட இல்ல."